பெருக்கக் கூடாத தரை

மேற்கு ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்திலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம் போனால் ஓபர்லிண்டன் என்று ஒரு சிற்றூர் வரும். அந்த ஊர் மக்கள் இரண்டு விஷயங்களை மிகவும் மதித்தார்கள். ஒன்று அரசாங்கம், மற்றொன்று துடைப்பம். இரண்டில் எது பெரிது என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வார்கள்.

அங்கே ஒவ்வொரு மாடி வீட்டிலும் ஒரு மரப்பலகை உண்டு. அதில் ‘பெருக்கும் வாரம்’ என்று எழுதியிருக்கும். இந்த வாரம் அந்தப் பலகை யார் வீட்டுக் கதவில் தொங்குகிறதோ அவர்கள் மாடிப்படியையும் வாசல் நடைபாதையையும் பெருக்கித் துடைக்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் வேலையை முடித்துப் பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட வேண்டும். பெருக்குவதற்கு ஒன்றும் இல்லையே என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஒன்றும் இல்லாததைப் பெருக்குவதில்தான் அவர்கள் தேர்ச்சி பெற்றிருந்தார்கள்.

இப்பேர்ப்பட்ட ஊரில், 1971-ஆம் ஆண்டு, கார் நிறுத்தும் இடத்துக்காக நகராட்சி பள்ளம் தோண்டியபோது பூமிக்கு அடியிலிருந்து ஒரு குப்பைத் தரை வெளிப்பட்டது.

அது ரோமானியர் காலத்துத் தரை. யாரோ ஒரு பணக்காரரின் சாப்பாட்டுக் கூடம். சுண்டுவிரல் நகம் அளவுள்ள வண்ணக் கற்சில்லுகளைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்துப் படம் போட்டிருந்தார்கள். சாதாரணமாக ரோமானியர் தரையில் கடல் தெய்வம் இருக்கும், டால்பின் இருக்கும், வேட்டை இருக்கும், நான்கு பருவங்களும் நான்கு பெண்களாக மூலைக்கு ஒருத்தியாக நிற்பார்கள். வாசலில் ஒரு நாய் பல்லைக் காட்டும். இந்த வீட்டுக்காரருக்கு அதெல்லாம் போதவில்லை. விருந்து முடிந்த பிறகு தரையில் என்ன கிடக்குமோ அதையே படமாகப் போடச் சொல்லியிருக்கிறார். மீன் முள், கோழிக்கால் எலும்பு, நண்டுக் கொடுக்கு, செர்ரிக் காம்பு, நத்தை ஓடு, வதங்கிய கீரை, எல்லாம் அங்கங்கே சிதறிக் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதன் நிழலைக்கூட விடாமல் பதித்திருந்தான் அந்தக் கைகாரன். ஒரு மூலையில் ஓர் எலி உட்கார்ந்து வால்நட் ஓட்டைக் கொறித்துக்கொண்டிருந்தது.

இந்த வீட்டில் எவ்வளவு சாப்பிடுகிறோம் பாருங்கள் என்று வருகிறவர்களுக்குக் காட்டுவதுதான் நோக்கம். நம் ஊர்க் கல்யாணத்தில் எச்சில் இலைக் குவியலைப் பார்த்து அந்தஸ்தை அளக்கிறோமே, அதே புத்திதான்.

இந்தத் தரையைக் காப்பாற்ற நியமிக்கப்பட்டவன் கும்பகோணம் சந்திரமௌலி.

சந்திரமௌலி ரசாயனம் படித்தவன். ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் சுண்ணாம்பைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியிருந்தான். ‘வெற்றிலைக்குத் தடவுறதைப் படிக்க ஜெர்மனி வரைக்கும் போகணுமா?’ என்று ஊரில் மாமாக்கள் சிரித்தார்கள். ஆனால் கற்சில்லுகளுக்கு அடியில் ஆயிரத்தெண்ணூறு வருஷமாக இருந்த சாந்து உதிர ஆரம்பித்தபோது, அதைக் கெட்டிப்படுத்தத் தெரிந்தவன் அந்த வட்டாரத்தில் அவன் ஒருவன்தான். நகராட்சித் தொல்பொருள் அலுவலகம் அவனைத் தற்காலிக ரசாயன நிபுணனாக எடுத்துக்கொண்டது. தினமும் தரையில் முழங்காலிட்டுக் கற்களுக்கு நடுவே ஊசியால் சாந்து ஏற்றுவான். தண்ணீர் தெளிப்பான். சூடான விளக்குகளைத் தள்ளித் தள்ளி வைப்பான். அந்த எலியின் மேல் அவனுக்குத் தனிப் பிரியம். காலையில் வந்தவுடன் முதலில் அதைத்தான் பார்ப்பான்.

பிரியம் வைக்க வேண்டிய இன்னொரு ஜீவன் கும்பகோணத்தில் இருந்தது. முந்தின வருஷம் இருபத்திரண்டு நாள் லீவில் போய்க் கிரிஜாவைக் கல்யாணம் செய்துகொண்டு, சரியாக இருபத்திரண்டாம் நாள் விமானம் ஏறியவன் அவன். அதற்குப் பிறகு குடும்ப வாழ்க்கை முழுவதும் நீல நிற ஏர் மெயில் தாளில்தான் நடந்தது.

கிரிஜாவை வரவழைக்க வேண்டி வெளிநாட்டவர் அலுவலகத்தின் நான்காம் ஜன்னலுக்குப் போனான்.

“மனைவி வரலாம்” என்றார் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர். “உங்களுக்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கும் அனுமதி இருந்தால்.”

“பதினோரு மாதம் இருக்கிறது.”

“அது ஒரு வருஷம் இல்லை.”

“ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தபோதே வந்தேனே. ஆறு மாதச் சம்பளச் சீட்டைக் கொண்டு வா என்று நீங்கள்தான் அனுப்பினீர்கள். ஆறு மாதம் காத்திருந்து கொண்டு வந்திருக்கிறேன்.”

“ஆமாம். அப்போது சொன்னதும் சரிதான்.”

அனுமதியை நீட்டிக்க வேண்டுமானால், ‘இவர் தொடர்ந்து தேவைப்படுகிறார்’ என்று அலுவலகத் தலைவர் எழுதித் தர வேண்டும். தலைவர் டாக்டர் ப்ரைட்டன்பாக் நேர்மையான மனிதர். அவரிடமிருந்து நேர்மையைத் தவிர வேறெதுவும் கிடைக்காது.

“அக்டோபரில் தரை முடிந்துவிடும்” என்றார் அவர். “முடிந்த தரைக்கு ரசாயன நிபுணர் எதற்கு? பொய் எழுதச் சொல்கிறீர்களா?”

கிரிஜாவின் வருகை இந்த இடத்தில் வந்து நின்றது.

இதற்கிடையில் தரைக்கு மேலே கூரை போட்டு, சுவர் எழுப்பி, கதவு வைத்து அதை ஒரு கூடமாக்கினார்கள். கூடம் ஆனவுடனே அது நகராட்சிக் கட்டடம் ஆயிற்று. நகராட்சிக் கட்டடம் ஆனவுடனே அதைச் சனிக்கிழமை தோறும் பெருக்க வேண்டும் என்ற விதி வந்து உட்கார்ந்துகொண்டது. துப்புரவு மேற்பார்வையாளர் திருமதி க்ளோட்ஸ் துடைப்பத்தோடு வந்தார். இருபத்தாறு வருஷ அனுபவம் உள்ளவர். ஒரு மணி நேரம் பெருக்கினார். மீன் முள் அப்படியே கிடந்தது. இன்னும் ஒரு மணி நேரம் பெருக்கினார். எலிகூட நகரவில்லை. அவர் நிரப்ப வேண்டிய அறிக்கைப் படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன: ‘தரையில் குப்பை உள்ளது’, ‘தரையில் குப்பை இல்லை’. உண்மை பேசும் பெண்மணி. முதல் கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஓபர்லிண்டன் சரித்திரத்தில் முதல் தடவையாக ஒரு நகராட்சிக் கட்டடத்தில் குப்பை இருப்பதாக எழுத்துமூலம் பதிவாயிற்று. சுகாதாரத் துறை விளக்கம் கேட்டது. எலியைப் பற்றித் தனியாகக் கேட்டது. டாக்டர் ப்ரைட்டன்பாக் மூன்று நாள் உட்கார்ந்து ஒரு சுற்றறிக்கை தயாரித்தார்.

‘மேற்படி கூடத்தில் காணப்படும் குப்பைகளில், படத்தில் உள்ள குப்பை தேசியச் சொத்து ஆகும். அதைப் பெருக்கக் கூடாது. படத்தில் இல்லாத குப்பை வெறும் குப்பை ஆகும். அதைப் பெருக்க வேண்டும். எது எந்தக் குப்பை என்பதில் ஐயம் எழாதிருக்கும் பொருட்டு, தேசியக் குப்பைகளின் பட்டியல் ஒன்று தயாரிக்கப்பட வேண்டும். பட்டியலில் இல்லாத பொருள் எதுவும் தென்பட்டால், அது பட்டியலில் இல்லை என்று தலைவர் எழுத்துமூலம் உறுதி செய்யும்வரை அதை யாரும் தொடலாகாது.’

பட்டியல் போடும் வேலை சந்திரமௌலியின் தலையில் விழுந்தது. ஒன்றாம் எண், மீன் முள், தலை உடையது. இரண்டாம் எண், மீன் முள், தலை இல்லாதது. இப்படியே போய் இருநூற்றுப் பதினான்காம் எண், எலி, உயிருடன், என்று முடித்தான். ‘உயிருடன்’ என்பதைச் சுகாதாரத் துறை ஆட்சேபித்ததால் அடித்துவிட்டார்கள்.

இப்போது புளியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சந்திரமௌலிக்குச் சேதுராமன் என்று ஒரு சிநேகிதன். ஸ்டுட்கார்ட்டில் மோட்டார் இன்ஜினியரிங் படித்துக்கொண்டே தமிழ் மாணவர் சங்கத்துக்குக் காரியதரிசியாகவும் இருந்தான். அவன் லீவில் ஊருக்குப் போய்த் திரும்பியபோது, கிரிஜா ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையப் புளிக்காய்ச்சல் கொடுத்தனுப்பினாள். சந்திரமௌலி அதைச் சாதத்தில் பிசைந்து டப்பாவில் எடுத்து வருவான். அலுவலக கேன்டீனில் பன்றி இறைச்சி வாசனை, வெளியே பனி. கூடத்திலோ சாந்து காய்வதற்காக வைத்த விளக்குகளால் இதமான சூடு. மத்தியானத்தில் யாரும் வரமாட்டார்கள். எலிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிடுவான். கூடத்துக்குள் உண்ணவோ பருகவோ மாட்டேன் என்று விதி ஏழின்படி அவனும் கையெழுத்துப் போட்டிருந்தான். போட்ட கையெழுத்தின்படி எல்லோரும் நடந்திருந்தால் உலகம் எப்போதோ உருப்பட்டிருக்கும்.

அடுத்த சனிக்கிழமை திருமதி க்ளோட்ஸ் கையில் பட்டியலோடு வந்தார். எலிக்கும் நண்டுக் கொடுக்குக்கும் நடுவே, சில்லுகள் உதிர்ந்துபோன ஒரு சின்னப் பள்ளத்தில், பட்டியலில் இல்லாத ஒரு பொருள் கிடந்தது. கரும்பழுப்பு நிறம். பளபளப்பு. கிட்டத்தட்ட சதுரம். பெருக்கித் தள்ளக் கை துடித்தது. ஆனால் சுற்றறிக்கை ஞாபகம் வந்தது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கதவைப் பூட்டி, எழுத்துமூலம் தெரிவித்தார்.

டாக்டர் ப்ரைட்டன்பாக் பூதக்கண்ணாடியோடு குப்புறப் படுத்துப் பார்த்தார். சந்திரமௌலியைக் கூப்பிட்டார்.

“இது என்ன கல்?”

சந்திரமௌலிக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. பொய் சொல்லவும் வரவில்லை, முழு உண்மையைச் சொல்லவும் வரவில்லை. நடுவில் ஒரு இடத்தில் நின்றான்.

“கல் இல்லை, ஹெர் டாக்டர். இது புளியங்கொட்டை.”

“புளியா? அது எங்கே விளைகிறது?”

“இந்தியாவில். எங்கள் பக்கத்தில் நிறைய.”

டாக்டர் ப்ரைட்டன்பாக் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். அவர் கண்ணில் ஈரம் தெரிந்தது. “ரோமானியர் உங்கள் பக்கத்திலிருந்து மிளகு வாங்கினார்கள். அதெல்லாம் பழைய கதை. ஆனால் புளி! இதை இதுவரை யாரும் சொன்னதில்லை.”

“ஹெர் டாக்டர், இது புதிய கொட்டையாகக்கூட இருக்கலாம்.”

“எப்படி இருக்க முடியும்?” அவர் பொறுமையாக விளக்கினார். “இந்தக் கூடம் பூட்டப்பட்ட கூடம். அனுமதி பெற்றவர்கள்தான் உள்ளே வரலாம். அனுமதி பெற்ற அத்தனை பேரும் உணவுப் பொருள் கொண்டு வருவதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஆகவே புதிய உணவுப் பொருள் எதுவும் உள்ளே வர வழியில்லை. உள்ளே இருக்கிறது என்றால் அது பழையது. தவிர, படிவத்தைப் பாருங்கள். ரோமானியர் காலம், ரோமானியருக்கு முந்தியது, இடைக்காலம். மூன்றே கட்டம்தான். புதியது என்று நான்காவது கட்டம் இருக்கிறதா?”

இல்லை.

“யாராவது விதியை மீறி உள்ளே சாப்பிட்டிருந்தால்?” என்று மெல்லக் கேட்டுப் பார்த்தான் சந்திரமௌலி.

“அன்றைக்கே வேலை போய்விடும். வெளிநாட்டவராக இருந்தால் நான்காம் ஜன்னலுக்கும் கடிதம் போய்விடும். நல்ல வேளை, அப்படி யாரும் இல்லை.” அவன் தோளில் கை வைத்தார். “டாக்டர் சந்திரமௌலி, நம் அலுவலகத்தில் புளி தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். இந்த ஆராய்ச்சி முடிய இரண்டு மூன்று வருஷம் ஆகும். நீங்கள் தொடர்ந்து தேவைப்படுகிறீர்கள்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அன்றைக்கே தட்டச்சு செய்து முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

சந்திரமௌலி அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆற்றங்கரையில் இரண்டு தடவை நடந்தான். திருடன் மாதிரி இருந்தது. கிரிஜாவை நினைத்தால் சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து நெஞ்சில் எரிந்தது. மறுநாள் நான்காம் ஜன்னலில் கொடுத்தான். ‘இப்போது சரி’ என்றார் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர்.

புளியங்கொட்டைக்கு 214-அ என்று எண் கொடுத்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேதுராமன் பத்திரிகையோடு ரயில் ஏறி வந்துவிட்டான்.

“டேய் மௌலி! என்னடா காரியம் பண்ணிருக்கே! இது ப்ரூஃப்டா! ரோமாபுரிக்காரனுக்கு ரசம் வைக்கக் கத்துக் கொடுத்ததே நாமதான்!”

சந்திரமௌலி கதவைச் சாத்திவிட்டு அவனிடம் எல்லாவற்றையும் சொன்னான். நீ கொண்டுவந்த பாட்டில், கிரிஜா போட்ட புளிக்காய்ச்சல், நான் உட்கார்ந்து சாப்பிட்ட இடம்.

சேதுராமன் யோசித்தான். “கொட்டை விழுந்ததை நீ கண்ணால பாத்தியா?”

“பாக்கலை.”

“பாட்டில்ல கொட்டை இருந்ததுன்னு தெரியுமா?”

“வேற எங்கேருந்துடா வரும்?”

“பாக்கலை, தெரியாது. அப்புறம் எப்படிச் சொல்றே? ஜெர்மன்காரன், டாக்டர் பட்டம் வாங்கினவன், பழசுன்னு எழுதிக் கொடுக்கறான். நீ தமிழனா இருந்துண்டு புதுசுங்கறே. இதான்டா நம்ம ஜனங்ககிட்ட இருக்கிற வியாதி.”

அடுத்த வாரம் ஸ்டுட்கார்ட் மாணவர் விடுதிச் சமையலறையில் பதினேழு பேர் கூடிக் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். யாரைக் கண்டிப்பது என்று தெரியாததால், இதுவரை புளியை மறைத்து வந்த சரித்திர ஆசிரியர்கள் எல்லோரையும் பொதுவாகக் கண்டித்தார்கள். சென்னையில் ஒரு வாரப் பத்திரிகை ‘ரோமாபுரியில் ரசம்!’ என்று அட்டையில் போட்டது. ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர், புளி வரத்து நின்றதால்தான் ரோம சாம்ராஜ்யம் சரிந்தது என்று தொடர் கட்டுரை எழுதினார். பன்னிரண்டாவது வாரம் வரை சாம்ராஜ்யம் சரியவில்லை. அவ்வளவு விஷயம் இருந்தது.

ஓபர்லிண்டனில் அது வேறு மாதிரிப் பிடித்துக்கொண்டது. மேயரின் மனைவி தன் குளியலறைக்கு மீன் முள் போட்ட ஓடுகள் பதித்தார். மருந்துக் கடைக்காரர் மனைவி பொறுப்பாரா? நடு ஹாலில் முழு நண்டு, இரண்டு கோழிக்கால், பாதி தின்ற ஆப்பிள். ஓட்டுத் தொழிற்சாலை ‘பெருக்காத பாணி’ என்று விளம்பரம் செய்தது. விருந்துக்குப் போனால் எலும்பைத் தரையில் போடுவதுதான் நாகரிகம் என்றாயிற்று. தட்டில் வைத்தவர்களைப் பட்டிக்காடு என்றார்கள். சந்திரமௌலி குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மா செலவுக்குப் பயந்து, மாடிப்படியில் பெயின்டால் தானே ஒரு செர்ரிக் காம்பு வரைந்துகொண்டார். பெருக்கும் வாரத்தில் அதை என்ன செய்வது என்ற தகராறு எழுந்தது. எண் போட்ட குப்பைக்கு விலக்கு உண்டு என்று நகராட்சி தீர்ப்பளித்தது. ஆகவே அந்தக் காம்புக்குப் பக்கத்தில் ‘1’ என்று எழுதினார். கும்பகோணத்தில் மாமா புது வீட்டுக்கு மொசைக் தரை போட்டு, அது வழவழவென்று இருப்பதற்காகவே தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு வழுக்க விட்டது சந்திரமௌலிக்கு ஞாபகம் வந்தது. மனித ஜாதி ஒன்றுதான் என்று ஆறுதல் அடைந்தான்.

1973 ஏப்ரலில் கிரிஜா வந்து சேர்ந்தாள். பெட்டியில் துணியைவிடப் புளி அதிகம் இருந்தது. மே மாதம் கூடத்தின் திறப்பு விழா. முந்நூறு பேர். 214-அ-வுக்கு மேலே பித்தளைத் தாங்கியில் ஒரு பெரிய பூதக்கண்ணாடி. சேதுராமன் வேட்டி கட்டி, குளிரில் நடுங்கிக்கொண்டு முன்வரிசையில் நின்றான். திருமதி க்ளோட்ஸுக்கு அழைப்பு இல்லை. வாளியோடு கதவோரம் நின்றார்.

கிரிஜா பூதக்கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தாள்.

“ஏன்னா, இது புளியங்கொட்டைன்னா!”

“தெரியும். மெதுவாப் பேசு.”

“இங்கே எப்படி வந்தது?”

“உன் புளிக்காய்ச்சல்லேருந்துதான். அப்புறம் சொல்றேன்.”

கிரிஜாவின் முகம் சிவந்துவிட்டது. “நான் மூணு தடவை வடிகட்டினேனே! ஒரு கொட்டை தப்பிடுத்துன்னு அதைக் கண்ணாடி வேற போட்டு ஊருக்கெல்லாம் காட்டணுமா? உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?”

மேயர் பேச எழுந்தார். எல்லோரும் மேயரைப் பார்த்தார்கள். கிரிஜா குனிந்து, இரண்டு விரலால் ரோமானியக் காலத்தை எடுத்து, முந்தானையில் முடிந்துகொண்டாள்.

சந்திரமௌலி அதைக் கவனிக்கவில்லை. திங்கட்கிழமை காலை திருமதி க்ளோட்ஸ் அறிக்கையோடு வந்தபோதுதான் தெரிந்தது. 1 முதல் 214 வரை உள்ளது. 214-அ இல்லை.

டாக்டர் ப்ரைட்டன்பாக் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். “பூட்டிய கூடத்திலிருந்து எப்படிப் போகும்? போயிருக்க முடியாது. ஆனால் இல்லை.” தண்ணீர் குடித்தார். “வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்காவிட்டால் ஆராய்ச்சி முடிந்தது என்று எழுத வேண்டியதுதான். நான்காம் ஜன்னலுக்கும் தெரிவிக்க வேண்டும். மன்னித்துவிடுங்கள், டாக்டர். விதி.”

சந்திரமௌலி வீட்டுக்கு ஓடினான்.

“கிரிஜா, அதை எடுத்தியா?”

“எடுத்தேன். மானம் போச்சேன்னு எடுத்தேன்.”

“கொடு அதை!”

“சனிக்கிழமை நம்ம முறைதானே, பலகை நம்மாத்துக் கதவிலதான் தொங்கித்து. மாடிப்படி குப்பையோட வாரிக் கொட்டிட்டேன். வண்டிக்காரன் எடுத்துண்டு போயிட்டான்.”

சந்திரமௌலி மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். வந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. போன தடவையாவது இருபத்திரண்டு நாள் என்று முன்கூட்டியே தெரியும். அவன் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும், கிரிஜா உள்ளே போய் ஒரு புளி உருண்டையோடு வந்தாள்.

“இதுக்குப் போயா இப்படி வேர்த்துக் கொட்றது? கொட்டை எடுக்காத புளிதான் கொண்டு வந்திருக்கேன். எத்தனை வேணும்?”

மறுநாள் மத்தியானம் 214-அ தன் பள்ளத்துக்குத் திரும்பிவிட்டது. டாக்டர் ப்ரைட்டன்பாக் அதை அளந்து பார்த்தார். இரண்டு மில்லிமீட்டர் வளர்ந்திருந்தது. அளவுகோலை மாற்றச் சொல்லிவிட்டு, கோப்பில் எழுதினார்: ‘பொருள் தற்காலிகமாகக் காணப்படாதிருந்தது.’

எல்லோரும் ஒரு விஷயத்தை மறந்துவிட்டார்கள். பழைய கொட்டை வெந்த கொட்டை. இது பச்சைக் கொட்டை. சந்திரமௌலி தன் கையாலேயே தினமும் தண்ணீர் தெளித்தான், விளக்கு வைத்தான். மூன்றாவது வாரம் தேசியச் சொத்து முளைவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை விவரிப்பது கடினம். ஆயிரத்தெண்ணூறு வருஷத்து விதை முளைத்தது என்று தந்திகள் பறந்தன. சேதுராமன் முப்பது பேரோடு வந்து முளைக்கு மாலை போட முயன்றான். மாலை பெரிதாக இருந்ததால் டாக்டர் ப்ரைட்டன்பாக்குக்குப் போட்டான். இரண்டு இலை விட்டது, நான்கு இலை விட்டது. திருமதி க்ளோட்ஸ் மட்டும் சந்திரமௌலியைத் தனியாகக் கூப்பிட்டுத் தரையைக் காட்டினார். எலியின் வாலைச் சுற்றிச் சில்லுகள் மேலே எழும்பியிருந்தன. அடியில் வேர்.

சந்திரமௌலிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஆயிரத்தெண்ணூறு வருஷம், எத்தனையோ படையெடுப்புகள், இரண்டு உலக யுத்தங்கள், எல்லாவற்றுக்கும் தப்பிய எலி தன் மதியச் சாப்பாட்டுக்குத் தப்பவில்லையே என்று வெட்கப்பட்டான்.

“சொல்லிடுங்கோ” என்றாள் கிரிஜா. “அனுப்பினா ரெண்டு பேருமாப் போவோம்.”

நான்கு பக்கத்துக்கு எழுதினான். விதி ஏழை மீறியது, புளிக்காய்ச்சல், வடிகட்டல், முந்தானை, மாற்றுக் கொட்டை, ஒன்று விடவில்லை. பதிவுத் தபாலில் அனுப்பினான். பதினெட்டு நாள் கழித்துப் பதில் வந்தது.

‘தாங்கள் குற்றம் புரிந்ததாகக் கோரும் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது. கூடத்தில் உணவு உண்பதில்லை என்று தாங்களே கையெழுத்திட்ட ஆவணம் எங்களிடம் உள்ளது. அதற்கு மாறான தங்கள் கூற்றுக்கு ஆதாரம் எதுவும் இணைக்கப்படவில்லை. மேலும், கொட்டை இந்தியாவுடையது என்று சான்றளித்த நிபுணரே அதைத் தின்றதாகக் கூறுவது நடுநிலைக்கு உகந்ததல்ல. தவிரவும், விதி மீறலை மூன்று மாதத்துக்குள் தெரிவித்திருக்க வேண்டும். காலம் கடந்துவிட்டபடியால் தங்கள் குற்றம் ஏற்றுக்கொள்ளப்படவில்லை.’

கீழே பேனாவால் டாக்டர் ப்ரைட்டன்பாக் தனியாக எழுதியிருந்தார்: ‘அதிகமாக உழைக்கிறீர்கள். ஒரு வாரம் ஓய்வு எடுத்துக்கொள்ளுங்கள்.’

ஓய்வு முடிந்து வந்தபோது பிரச்சினை முற்றியிருந்தது. செடி பட்டியலில் இருந்தது. அதைத் தொடக் கூடாது. தரையும் பட்டியலில் இருந்தது. அதற்குச் சேதம் வரக் கூடாது. இரண்டு தேசியச் சொத்துகள் ஒன்றையொன்று தாக்கிக்கொண்டால் என்ன செய்வது என்று விதி எதுவும் இல்லை. ஒரு குழு அமைத்தார்கள். குழு ஆறு மாதம் கூடிக் கூடிக் கலைந்தது. கடைசியில் ஒருவர் கேட்டார்: “இரண்டில் எதை நகர்த்தலாம்?” செடியை நகர்த்தினால் செத்துப்போகும். தரை ஏற்கெனவே உயிரில்லாதது. சுகாதாரத் துறை எலிக்கு ‘உயிருடன்’ என்பதை அடித்த கோப்பே சாட்சி.

சில்லுகள் சிதறாதபடி தரையின் மேல் துணி ஒட்டி, துண்டுகளாக அறுத்து, முப்பத்தொரு பெட்டிகளில் அடுக்கினார்கள். அறுக்கும் வேலையைச் சந்திரமௌலிதான் மேற்பார்வை செய்தான். அதற்கு அவனைவிட்டால் வேறு ஆள் இல்லை. எலி முப்பத்தொன்றாம் பெட்டிக்குப் போனது. மூடியை வைத்து ஆணி அடித்தபோது அவன் அழுதுவிட்டான். பெட்டியின் மேல் ‘குப்பை. பெருக்கக் கூடாது’ என்று எழுதி நகராட்சியின் நிலவறையில் வைத்தார்கள்.

செடிக்குக் கூடத்தின் நடுவில் கண்ணாடி வீடு கட்டினார்கள். சுற்றிலும் வெறும் சிமெண்டுத் தரை. ஊரில் குளியலறைகளிலிருந்து மீன் முள் ஓடுகளைப் பெயர்த்துவிட்டு எல்லோரும் தொட்டிச் செடி வைத்தார்கள். செடியிலிருந்து இலை உதிர ஆரம்பித்தது. உதிர்ந்த இலை ஒவ்வொன்றும் 214-அ-வின் பகுதி என்பதால் அதையும் பெருக்கக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. திருமதி க்ளோட்ஸ் அந்தத் தாளைப் படித்துவிட்டுக் கிரிஜாவிடம் சொன்னார்: “கொட்டையைப் பார்த்த சனிக்கிழமையே என்னைப் பெருக்க விட்டிருந்தால் எலி பிழைத்திருக்கும்.” கிரிஜா அதற்குள் அந்த அளவு ஜெர்மன் கற்றுக்கொண்டிருந்தாள். தலையாட்டினாள்.

நான்காம் ஜன்னலில் சந்திரமௌலியின் அனுமதியை நீட்டித்தார்கள். ‘மரம் காய்க்கும்வரை’ என்று முத்திரை குத்தியிருந்தது.

“அது எப்போ காய்க்கும்?” என்று சேதுராமன் கேட்டான்.

“குளிர் தேசம். பதினஞ்சு வருஷமாவது ஆகும்” என்றாள் கிரிஜா. அன்றைக்குத்தான் பெட்டியிலிருந்த மீதித் துணிகளையும் எடுத்து அலமாரியில் அடுக்கினாள்.

மாதம் ஒரு முறை சந்திரமௌலி செடியை அளந்து, ‘ரோமானியர் காலத்தது’ என்ற கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போடுகிறான். முதலில் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தான். இப்போது ஒரே இழுப்புதான்.

கோடையில் ஸ்டுட்கார்ட்டிலிருந்து பஸ்ஸில் ஜனங்கள் வருகிறார்கள். சேதுராமன் அனுப்பும் தமிழர்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, காவலாளி திரும்பும் நேரம் பார்த்து ஒரு கொழுந்து கிள்ளிக்கொள்கிறார்கள். எப்போதாவது யாராவது ஒரு வயதானவர் கையேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் காவலாளியிடம் கேட்பார்.

“இங்கே ஏதோ ரோமானியர் தரை இருந்ததாமே?”

“இருந்தது ஐயா. பழமைக்கு இடைஞ்சலாக இருந்தது, எடுத்துவிட்டார்கள்.”

“செய்ய வேண்டியதுதான்” என்று சொல்லிவிட்டு அவர் செடியின் முன்னால் தொப்பியைக் கழற்றுவார்.